மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், சைக்கிள்தான் இன்னும் வீட்டுக்கு வரவில்லை (கோவை)

சரவணம்பட்டி_புதுசு:

வணக்கம். வயது 34, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 86 கிலோ. கடைசியாகச் சைக்கிள் மிதித்தது பிளஸ் டூ படிக்கும்போது, அதுவும் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள். அப்புறம் பைக், அதற்கப்புறம் கார், இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கப் போனால் பத்தாவது நிமிடம் கையில் போன் வந்துவிடுகிறது. அதனால்தான் சைக்கிள். மொத்த பட்ஜெட் 25,000.

போன இரண்டு சனிக்கிழமையும் கடை கடையாக ஏறினேன். முதல் கடை கண்ணாடி போட்ட பெரிய ஷோரூம். உள்ளே போனதும் பட்ஜெட் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள், உயரம் கேட்கவே இல்லை. தம்பி ஒருவர் நேராக ஒரு தடி டயர் வண்டியிடம் கூட்டிப் போனார். முன்னால் சஸ்பென்ஷன், சீட்டுக்கு அடியில் இன்னொரு சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க், போன் மாட்ட ஹோல்டர் வேறு. "21 கியர் சார்" என்றார். 21 எதுக்குங்க என்று கேட்டேன். "ஸ்பீடா போலாம் சார்". அவ்வளவுதான் விளக்கம்.

இரண்டாவது, டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய கடை. வாசல் வரை டயர் தொங்குகிறது, ஆள் உள்ளே போகப் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அறுபது வயது இருக்கும் ஒரு ஐயா, விலையைச் சொல்வதற்கு முன்பே "எந்த ரோட்டுல ஓட்டுவீங்க, எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார். 18 இன்ச் பிரேம் வைத்த ஹைப்ரிட் (ரோடு பைக்குக்கும் தடி டயர் வண்டிக்கும் நடுவிலான சைக்கிள்) ஒன்றை எடுத்து, கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்கச் சொல்லிப் பார்த்து, சீட்டை ஏற்றி, சந்தில் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். டீக்கடையில் நின்ற எல்லோரும் என்னையே பார்க்க, பதினாறு வருடம் கழித்து ஆடிக்கொண்டே ஒரு ரவுண்டு போய் வந்தேன். 18,800 சொன்னார். சஸ்பென்ஷன் கிடையாது, சாதாரண பிரேக் கட்டை, நிறம் சுமார்.

மூன்றாவது கடை பெரிய ஆட்களுக்கானது போல. சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சைக்கிளின் விலையில் நான் என் முதல் பைக்கையே வாங்கியிருப்பேன். பேசிய பையன் நல்ல மாதிரிதான், ஆனால் கிளாரிஸ், சோரா, டியாக்ரா என்று ஏதோ ஊட்டி கான்வென்ட் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனார். ரோடு பைக்கே (ஒல்லி டயர் வைத்த வேகமான சைக்கிள்) வாங்குங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் மாற்றுவீர்கள் என்றார். 45,000-த்தில் ஆரம்பம்.

இதற்கு நடுவில் ஆன்லைனில் ஹெல்மெட், கையுறை, ஜெல் சீட் கவர் மூன்றும் வந்து இறங்கிவிட்டன. சைக்கிள் இல்லாமல் ஹெல்மெட்டோடு ஹாலில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து வீட்டில் சிரிப்பு.

ஓட்டப் போவது தினமும் காலை சத்தி ரோட்டில் கோவில்பாளையம் பக்கம், ஞாயிறு வடவள்ளி நண்பரோடு பேரூர் பக்கம். எதை வாங்கலாம்? சைக்கிளைத் தவிர வேறு என்னென்ன கட்டாயம் வேண்டும்?

நொய்யல்கரை:

உங்கள் கேள்விக்கு இரண்டாவது கடை ஐயா பதில் சொல்லிவிட்டார், உங்களுக்குத்தான் நிறம் பிடிக்கவில்லை.

சஸ்பென்ஷனில் இருந்து வருகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். இந்த விலையில் வரும் முன்பக்க சஸ்பென்ஷன் உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவே. அது மட்டுமே இரண்டரை கிலோ பக்கம் வரும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் நீங்கள் போடும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் அமுங்கி அமுங்கித் தின்றுவிடும். சத்தி ரோட்டுக் குழிக்கு அது தேவையே இல்லை, 35 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றை அளவாக வைத்தால் போதும். பின்னாலும் சஸ்பென்ஷன் என்றால் தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அதில் பாதி ஒன்றின் மேல் ஒன்று விழும், உருப்படியாகப் பத்துப் பன்னிரண்டுதான் பயன்படும். முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேர்த்துப் போட்டால் செயின் கோணலாக இழுபடும், சின்னதும் சின்னதும் போட்டாலும் அப்படித்தான். கியரை வேகத்துக்கு என்று நினைக்காதீர்கள். ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் கால் ஒரே சீராகச் சுற்றுவதற்கு அது. கியர் செய்யும் ஷிமானோ கம்பெனியில் உங்கள் விலைக்கு டூர்னி என்ற வரிசை வரும், கொஞ்சம் மேலே போனால் ஆல்டஸ், அதற்கு மேல் ஏசெரா. அந்தக் கான்வென்ட் பிள்ளைகள் ரோடு பைக் குடும்பம்: கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டியூரா ஏஸ் என்று வரிசையாக விலை ஏறும். அரங்கேற்றத்துக்கு முன்னாலேயே சலங்கை விலையைப் பார்க்க வேண்டாம், டூர்னி தாராளம்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வரும், செப்டம்பர் வரை அதன் ராஜ்ஜியம்தான். பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை என்று சிறுவாணி ரோட்டில் மேற்கே போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும், இருட்டுப்பள்ளத்தில் திரும்பினால் அதே காற்று முதுகில் தட்டி வீடு வரை கொண்டுவந்து விடும். போகும்போது வேகம் 14-க்கு மேல் ஏறவில்லை என்றால் சைக்கிள் மீது பழி போடாதீர்கள்.

டிஸ்க் இந்த விலையில் கேபிள் டிஸ்க்தான் வரும், மட்டமானதாக இருந்தால் உரசிக்கொண்டே கத்தும். நல்ல பிரேக் கட்டை தட்டையான ரோட்டுக்குப் போதும். ஆனைகட்டி மாதிரி இறக்கத்தை மழையில் இறங்க ஆசை வந்தால் அப்போது டிஸ்க் பற்றிப் பேசலாம்.

பணக் கணக்கு: 19,000-க்கு மேல் சைக்கிளில் போடாதீர்கள், மீதி ஆறாயிரம் மற்றதற்கு வேண்டும். அப்புறம் 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய ஸ்டாக்கில் ஒட்டிய விலையைக் காட்டி அந்த வித்தியாசத்தையே தள்ளுபடி என்று சொல்லும் ஆட்களும் இருப்பார்கள், பில்லில் வரியைப் பாருங்கள்.

பிரேக்கட்டை:

ஜெல் கவரைத் தூக்கி எறியுங்கள். மீதி அப்புறம்.

கோட்டம்_எடுப்பவன்:

தம்பி, நான் எண்பதுகளில் உக்கடம் பக்கம் வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன். காட்டர் பின் அடிப்பது, பால்ரஸ் கழுவிக் கிரீஸ் வைப்பது, வீல் கோட்டம் எடுப்பது எல்லாம் இந்தக் கையில்தான். கம்பிக்கு இடையில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, ஹேண்டில்பாரை வளைத்துக் கொண்டுவந்து, சத்தம் இல்லாமல் சாத்திவிட்டு ஓடுவார்கள். அது இருக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான், இந்தக் கியர் எல்லாம் எதற்கு? ஒரு கறுப்புப் பெரிய சைக்கிள் வாங்கினால் பாதி விலை கூட ஆகாது. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின்கார்டு எல்லாம் கூடவே வரும். எந்தப் பஞ்சர் கடையிலும் வேலை நடக்கும். அதில்தான் பால்காரர் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு வடவள்ளியிலிருந்து வந்தார்.

வேண்டாம் என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் எதை வாங்கினாலும் வால்வு என்ன என்று பாருங்கள். பழைய சைக்கிளில் வால்டியூப் போட்ட வால்வு. பைக், காரில் இருப்பது தடியான வால்வு. மூன்றாவதாகப் பென்சில் முனை மாதிரி ஒல்லியாக ஒன்று வருகிறது, பிரெஸ்டா என்கிறார்கள், தலையில் இருக்கும் சின்னத் திருகைக் கழற்றினால்தான் காற்று ஏறும். அதை எடுத்துக்கொண்டு அன்னூர் ரோட்டுப் பஞ்சர் கடையில் போய் நின்றால், அவர் உங்களையும் ட்யூபையும் மாறி மாறிப் பார்ப்பார். சின்னதாகப் பித்தளையில் அடாப்டர் விற்கிறது, ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். உதிரி ட்யூப் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

நொய்யல்கரை:

அண்ணா, பால்காரர் கணக்கு சரி, ஆனால் அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கால். 86 கிலோவோடு பதினாறு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர் கியர் இல்லாமல் எதிர்க்காற்றில் போனால் இரண்டாம் வாரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மாடியில் ஏற்றிவிடுவார். வால்வு விஷயம் நூற்றுக்கு நூறு.

சிங்காநல்லூர்_மிதிவண்டி:

கடை அனுபவம் என்றதும் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். நான் 5 அடி 1. நான்தான் ஓட்டப் போகிறேன் என்று சொன்ன பிறகும் ஒரு கடையில் கடைசி வரை என் வீட்டுக்காரரிடமே பேசினார்கள். "மேடத்துக்கு லேடீஸ் மாடல், முன்னாடி கூடை வெச்சது" என்று எடுத்துப் போட்டார்கள். என் அளவு கடையில் இல்லை, அதைச் சொல்ல மனமில்லாமல் ஒரு பெரிய பிரேமில் சீட்டை அடிவரை இறக்கி "பாருங்க, பர்ஃபெக்டா இருக்கு" என்றார்கள். நானும் நம்பி வாங்கினேன். நான்கு மாதம் தோளும் கழுத்தும் வலி, ஏனென்றால் சீட்டை இறக்கினால் உயரம் குறையும், ஹேண்டில்பார் கிட்டே வருமா என்ன? கடைசியில் நட்டத்துக்கு விற்றுவிட்டுச் சின்ன பிரேம் வாங்கினேன்.

சீட் உயரத்துக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள், முட்டி நேராக வர வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினால் ரொம்ப உயரம். நம் ஊரில் எல்லோருக்கும் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கினால் போதும்.

ஆன்லைன் ஹெல்மெட் தலையில் ஆடுகிறதா? புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நேராக உட்கார வேண்டும். பட்டை இரண்டும் காதுக்குக் கீழே வி போலச் சேர வேண்டும். பின்னால் திருகும் சக்கரத்தை இறுக்கிவிட்டு, பட்டையைப் போடாமல் தலையை ஆட்டிப் பாருங்கள். அப்போதும் கழன்று வந்தால் அளவு தப்பு, திருப்பி அனுப்புங்கள். உள்ளே இஎன் 1078 (சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம்) என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், அதை மறுபடி நம்பக் கூடாது.

சுடிதாரில் ஓட்டுகிற தோழிகள் யாராவது இதைப் படித்தால்: துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், செயின்கார்டு இல்லாத வண்டி எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும்.

சரவணம்பட்டி_புதுசு:

எல்லோருக்கும் நன்றி. ஹெல்மெட் ஆடத்தான் செய்கிறது, திருப்பி அனுப்பப் போகிறேன். ஜெல் கவரை எறிய மனம் வரவில்லை, 600 ரூபாய்ங்க. அது ஏன் வேண்டாம்? அப்புறம் பஞ்சு வைத்த டிரவுசர் ஒன்று விற்கிறார்களே, அது நிஜமாகவே வேண்டுமா, இல்லை ஸ்டைலுக்கா? ஆன்லைனில் அதே சைக்கிள் 1,700 குறைவாகக் கிடைக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

பிரேக்கட்டை:

சரி, விளக்கமாகவே சொல்கிறேன். உட்காரும்போது உடம்பின் பாரம் இரண்டு எலும்பு முனைகளில் இறங்க வேண்டும். ஜெல் மெத்தென்று இருப்பதால் எலும்பு அதற்குள் அமிழ்ந்து, நடுவில் பிதுங்கி வரும் ஜெல் அழுத்தக் கூடாத இடத்தை அழுத்தும். அரை மணி நேரம் சொர்க்கம், ஒன்றரை மணி நேரத்தில் மரத்துப்போகும். கவர் இடம் மாறித் தொடையையும் உராயும். பஞ்சு டிரவுசர் ஸ்டைல் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் நல்லது. கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன், அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகும். வெளியே தெரிய வெட்கமாக இருந்தால் மேலே சாதா அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான், எங்கள் தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள்.

ஆன்லைன் வண்டி பெட்டியில் பாதி பூட்டாமல் வரும். நான் வாங்கியபோது இடது பெடலை வழக்கம் போல வலப்பக்கமாகத் திருகினேன், ஏறவில்லை. ஸ்பேனரைப் போட்டு ஏறி நின்று திருகினேன், ஏறியது, பெடலை மாட்டும் கிராங்க் தண்டில் இருந்த மரையையும் வழித்துக்கொண்டு. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிராங்க் மாற்றியதில் மிச்சம் பிடித்த பணம் போய், கைக்காசும் போனது. முதல் நூறு இருநூறு கிலோமீட்டரில் கேபிள் தளர்ந்து கியர் தடுமாறும், அப்போது கொண்டுபோய் நிறுத்தக் கடை வேண்டும். டவுன்ஹால் ஐயா முதல் சர்வீஸ் இலவசம் என்றால் அந்த 1,700 அங்கேயே வந்துவிட்டது.

நொய்யல்கரை:

சாமான்களில் முதல் இடம் விளக்குக்கு. ஐந்தரை மணிக்கு சத்தி ரோட்டில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் போகவே கூடாது, லாரிக்காரருக்கும் அது தூக்கக் கலக்க நேரம். அடுத்தது வீட்டில் வைக்க, தரையில் நிறுத்தி அடிக்கும், அளவு காட்டும் பம்பு. உங்கள் எடைக்கு 35 மில்லி டயரில் பின்னால் 65, முன்னால் 60 பிஎஸ்ஐ காற்று வைத்து ஆரம்பியுங்கள், டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். வழிக்கு ஒரு சின்னக் கைப்பம்பு, ஒரு உதிரி ட்யூப், இரண்டு டயர் லீவர், ஒட்டுப் போடும் டப்பா, 4, 5, 6 மில்லி ஆலன் சாவி. இதற்கு மேல் எதுவும் முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள். கூலிங்கிளாஸ் வேண்டுமானால் கையில் இருப்பதே போதும், பூச்சி கண்ணில் விழாமல் இருக்க.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி மாவு போல ஒட்டும், மார்கழிக் காலையில் உறைந்து வேறு கிடக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் செயின் எண்ணெய் கண்ணிக்கு ஒரு சொட்டு, ஐந்து நிமிடம் சுற்றவிட்டு வெளியில் இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

சரவணம்பட்டி_புதுசு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டவுன்ஹால் கடையிலேயே வாங்கிவிட்டேன், 18,300-க்குக் கொடுத்தார். பெல்லும் ஸ்டாண்டும் பாட்டில் மாட்டும் கூடும் இலவசம். அரை மணி நேரம் சீட்டை ஏற்றி இறக்கி, கடைசியில் சீட் கம்பியில் ஒரு கோடு போட்டுக்கொடுத்தார், "எவனாச்சும் ஓட்டிட்டு இறக்கி வெச்சா இதுக்கே ஏத்திக்குங்க" என்று. நிறம் இப்போது பழகிவிட்டது. ஹெல்மெட் மாற்றினேன், விளக்கு, பம்பு, டிரவுசர் எல்லாம் சேர்த்து 24,600 ஆனது. ஜெல் கவர் இப்போது அம்மாவின் பூஜை அறை முக்காலியில் இருக்கிறது.

அசடு வழிந்த கதையும் ஒன்று உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோட்டம் அண்ணா அவ்வளவு சொல்லியும் உதிரி ட்யூபை அளவு மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கிவிட்டேன், பெட்டியைப் பிரிக்கவே இல்லை. போன வியாழக்கிழமை கோவில்பாளையம் தாண்டி ஒரு வேலி முள். லீவரை எடுத்து, வீடியோவில் பார்த்தபடி பின் டயரைக் கழற்றி, பெருமையாகப் பெட்டியைப் பிரித்தால் பென்சில் முனை. என் கைப்பம்பு தடி வால்வுக்கானது. அடாப்டர்? வாங்கவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடையில் நின்றேன், அவர் அப்படியேதான் பார்த்தார், என்னையும் ட்யூபையும் மாறி மாறி. பழைய ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, மாட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி, பாதி முறிந்து கிடந்த முள்ளை எடுத்துக் கையில் கொடுத்தார். அதை எடுக்காமல் புது ட்யூபைப் போட்டிருந்தால் அதுவும் போயிருக்குமாம். முப்பது ரூபாய் வாங்கினார், "நீங்க ஐ.டி. கம்பெனியா?" என்று கேட்டார்.

கோட்டம்_எடுப்பவன்:

விரலை ஓட்டும்போது துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுங்கள் தம்பி, முள் துணியில் மாட்டும், விரலில் ஏறாது. அந்த ஒல்லி ட்யூபை எறிய வேண்டாம். உங்கள் ரிம்மில் தடி வால்வுக்கான ஓட்டை, அதில் ஒல்லி வால்வைப் போட்டால் ஆடும். ரோடு பைக்காரர் யாருக்காவது அளவு சேர்ந்தால் கொடுத்துவிடுங்கள்.

நொய்யல்கரை:

அளவு 700க்கு 35 என்றால் என் வண்டிக்கு ஆகும், எனக்கே கொடுங்கள், அடாப்டர் ஒன்று தருகிறேன். ஞாயிறு காலை 5.45, பேரூர் கோயில் வாசல். ஆலாந்துறை வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், உங்கள் வடவள்ளி நண்பரையும் கூட்டி வாருங்கள். காற்று ஆரம்பித்துவிட்டது, முன்னால் நான் போகிறேன், நீங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

சரவணம்பட்டி_புதுசு:

வருகிறேன் அண்ணா. விளக்குக்கு இப்போதே சார்ஜ் போட்டுவிட்டேன்.